தண்ணீர் பில்லோடு வந்த துண்டறிக்கை

கேள்வி: நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். விற்பனை வரியை உயர்த்தலாமா என்று எங்கள் நகரத்தில் நவம்பரில் வாக்கெடுப்பு. தண்ணீர் பில் உறைக்குள் நகராட்சியே அச்சடித்த தாள் ஒன்றும் இருந்தது. தீயணைப்பு வண்டிப் படம், மேலே கொட்டை எழுத்தில் ‘நம் தீயணைப்பு நிலையத்தைக் காப்போம்!’. ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்ற வரி மட்டும்தான் இல்லை. என் வரிப்பணத்தில் என்னிடமே பிரசாரமா?
– ஒரு வாசகி

பதில்: கூடாதுதான் அம்மா. ‘ஆம்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்று பல அதிகாரிகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பூங்காக்களுக்காக மாநிலம் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாமா என்ற 1974 வாக்கெடுப்பில் மாநிலப் பூங்காத் துறை அரசுப் பணத்தில் ஆதரவு திரட்டியது என்று வரி கட்டும் ஒருவர் வழக்குப் போட்டார். அதுதான் ‘ஸ்டான்சன் எதிர் மாட்’. தகவல் சொல்லலாம், பிரசாரம் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. எது என்று தெளிவாக இல்லாவிட்டால் தாளின் நடை, தொனி, வெளிவந்த நேரம் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னது.

2009-ல் இப்படியொரு வழக்கில் சாலினாஸ் நகரம் இதே அளவுகோலில் ஜெயித்தது. ஒரு வரி ரத்தானால் எந்தெந்தச் சேவைகள் நிற்கும் என்று எப்போதும் அனுப்பும் செய்தி மடலிலேயே நிதானமாகச் சொல்லியிருந்தது.

நான் ஒரு நகராட்சியில் வேலை பார்த்தபோது உங்களுடையதைப் போன்ற தாள் என் மேஜைக்கும் வந்தது. ‘காப்போம்’ என்பதை அடித்துவிட்டு, வரியால் கிடைக்கும் தொகையையும் நிலையத்துக்கு ஆகும் செலவையும் எழுதினேன். ஆச்சரியக்குறியையும் எடுத்தேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தாளுக்குப் பணம் கொடுத்தவர்களில் ‘இல்லை’ என்று வாக்களிக்கப் போகிறவர்களும் உண்டே!

நகர மன்றம் பொதுக் கூட்டத்தில் ஆதரவுத் தீர்மானம் போடலாம், அது தவறில்லை. ஊழியர்கள் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இதற்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குப் போனது என்று நகர எழுத்தரிடம் பொதுப் பதிவேடுகள் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். அப்புறம், தேர்தல் பிரசாரச் செலவுகளைக் கண்காணிக்கும் எஃப்.பி.பி.சி. எனும் மாநில ஆணையத்தில் புகார் கொடுங்கள். பொதுப் பணத்தில் மொத்தமாக அனுப்பும் பிரசாரத் தபாலுக்குத் தனி விதியே வைத்திருக்கிறார்கள். தாளோடு உறையையும் பத்திரமாக வையுங்கள். அஞ்சல் முத்திரையில் தேதி இருந்தால், எப்போது அனுப்பினார்கள் என்று காட்ட அது உதவும்.