பிஎச்டி முடிக்கிறவர்களும் போஸ்ட்டாக்குகளும் வேலை தேடுவது: கேளுங்கள், சொல்கிறேன்

உயிர்வேதியியலில் பிஎச்டி, அப்புறம் இரண்டு நாடுகளில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி). இப்போது மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். அறிவியல் ஆய்வு சார்ந்த கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்ல முடியும். விசா கேள்விகள் மட்டும் வேண்டாம். அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

பிஎச்டி நான்காம் ஆண்டு, வேதியியல்: அக்கா, தீசிஸை முடித்துவிட்டு வேலை தேடினால் போதும், இப்போதே கவனத்தைச் சிதறவிடாதே என்கிறார் என் கைடு. அப்படியே இருக்கலாமா?

வேண்டாம். கைடு நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வேலைகளுக்கான காலண்டர் உங்கள் தீசிஸுக்காகக் காத்திருக்காது. ஃபெலோஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் மேரி ஸ்கொவோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வழக்கமாக செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் முடிவு. அதற்கு முன்பே உங்களை ஏற்கும் லேபைப் பிடித்து, அவர்களோடு சேர்ந்து திட்டத்தை எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் வேலை என்றால் ஆகஸ்ட் வாக்கில் விளம்பரங்கள் வரத் தொடங்கும், குளிர்காலத்தில் இண்டர்வியூ, வேலையில் சேருவது அடுத்த ஆண்டு. தீசிஸைக் கொடுத்த பிறகுதான் தேடுவேன் என்றால் ஒரு சுற்று முழுவதும் கையை விட்டுப் போய்விடும்.

நிறுவன வேலை இதற்கு நேர்மாறு. இன்று காலியாக இருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஆள் வேண்டும் என்பார்கள். ஒன்றரை வருடம் கழித்து முடிப்பேன் என்று எழுதுபவரை எங்களால் எடுக்க முடியாது. அதனால் நிறுவனங்களுக்கு இப்போது விண்ணப்பிக்கவே வேண்டாம். அங்கே இருப்பவர்களிடம் பேசத் தொடங்குங்கள். போஸ்ட்டாக் போவதென்றால் தீசிஸ் முடிவதற்கு 9 முதல் 12 மாதத்துக்கு முன்பே லேப்களுக்கு எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இவ்வளவையும் செய்யலாம். தீசிஸ் ஒன்றும் கெட்டுப்போகாது.

போஸ்ட்டாக், முதல் ஆண்டு: "பேசத் தொடங்குங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் என்னத்தைப் பேசுவது? வேலை கேட்டுப் பிச்சை எடுப்பது போல இருக்கிறது.

வேலை கேட்காதீர்கள். அந்தக் கூச்சம் பாதி போய்விடும். உங்கள் துறையில் படித்து வேறு இடத்துக்குப் போனவர் ஒருவருக்கு ஐந்தே வரியில் எழுதுங்கள்: நான் இன்னார், உங்கள் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை, 20 நிமிடம் பேச முடியுமா. சிவியை இணைக்க வேண்டாம். பேசும்போது அவர் சென்ற வாரம் என்ன செய்தார் என்று கேளுங்கள். எதற்காக எரிச்சல் அடைகிறார் என்று கேளுங்கள். பிஎச்டியில் கற்றதில் எது பயன்படுகிறது, எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். முடிக்கும்போது, "இன்னும் யாரிடம் பேசலாம்?" இந்தக் கடைசிக் கேள்விதான் அடுத்த கதவைத் திறக்கும்.

தெரியாதவர்களிடம் பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவுதான். எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்திப்போம் என்றவர்களே மற்றவர்கள். உங்கள் லேபில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வர முடியும். 2022ல் லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்விலும், மிக நெருங்கியவர்களை விட ஓரளவு தூரத்தில் இருந்தவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியிருந்தார்கள்.

பத்துப் பேருக்கு எழுதினால் பலர் பதில் போட மாட்டார்கள். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அவர்களுக்கு நேரமில்லை. ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

பிஎச்டி மூன்றாம் ஆண்டு: எத்தனை பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) இருந்தால் போஸ்ட்டாக் கிடைக்கும்?

எண்ணிக்கைக்கு விதி கிடையாது. முதல் ஆசிரியராக (பெயர் வரிசையில் முதலாவதாக) ஒரு நல்ல பேப்பர், அதில் ஒவ்வொரு படத்தையும் நீங்களே விளக்க முடிவது, உங்களை நன்றாக அறிந்தவர் எழுதும் பரிந்துரைக் கடிதம். இவை மூன்றும் இருந்தால் எழுதத் தொடங்குங்கள்.

போஸ்ட்டாக், நான்காம் ஆண்டு: மேடம், இன்னொரு போஸ்ட்டாக் வாய்ப்பு வந்திருக்கிறது. நல்ல லேப். பேராசிரியர் ஆக வேண்டும் என்பதே என் ஆசை. இரண்டாவது போஸ்ட்டாக் போகலாமா?

போவதற்கு முன் உங்கள் பிஎச்டி பட்டத்தின் தேதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: அந்தத் தேதியில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) ஃபெலோஷிப் கேட்பவர் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்கு நான்கு ஆண்டு. மேரி கியூரிக்கு 8 ஆண்டு. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் தற்காலிக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் காலத்துக்கு ஒரு சட்டம் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்று பொதுவாக வரம்பு வைத்திருக்கிறது, மருத்துவத்தில் பின்னால் 9. விதிகள் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டு அழைப்பையே படியுங்கள். மகப்பேறு, நீண்ட நோய் இவற்றுக்குப் பல இடங்களில் காலத்தைக் கழித்துக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த இரண்டாவது போஸ்ட்டாக் உங்களுக்கு இதுவரை இல்லாத எதைத் தரும்? புது நுட்பமா, உங்கள் பெயரிலேயே வரும் நிதியா, லேபை விட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோகக்கூடிய ஆராய்ச்சித் திட்டமா? கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஃபேக்கல்டி இண்டர்வியூவில், "உங்கள் பேராசிரியர் செய்வதிலிருந்து நீங்கள் செய்யப்போவது எப்படி வேறு?" என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்குப் பதில் தராத லேப் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. சேருவதற்கு முன்பே அந்தப் பேராசிரியரிடம் கேளுங்கள்: போகும்போது எந்தத் திட்டம் என்னுடையது? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாயால் சொன்னதை இரண்டு ஆண்டு கழித்து இருவரும் வேறு வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பார்கள்.

வேறொன்றும் தோன்றவில்லை என்பதற்காகவே போகிறீர்கள் என்றால், போகாதீர்கள்.

வரலாற்றுத் துறை ஆய்வாளர்: எங்கள் பக்கம் நிறுவன வேலையே கிடையாதே?

உங்கள் துறைச் சந்தை எனக்குத் தெரியாது, ஊகமாகச் சொல்லி உங்களைத் திசைதிருப்ப விருப்பமில்லை. உங்கள் துறையில் கடந்த ஐந்து ஆண்டில் பட்டம் பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் இப்போது எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலோர் பேராசிரியர்களாக இருக்க மாட்டார்கள். அவர்களிடம் பேசுங்கள், மேலே சொன்ன அதே முறையில்.

பிஎச்டி ஐந்தாம் ஆண்டு: ஆராய்ச்சித் துறையை விட்டு நிறுவனத்துக்குப் போக முடிவு செய்துவிட்டேன். கைடிடம் எப்போது சொல்வது?

பேப்பரில் ஆசிரியர் பெயர்களின் வரிசை முடிவாகி அது இதழுக்கு அனுப்பப்பட்ட பிறகு, தீசிஸ் தேதி குழுவின் குறிப்பில் ஏறிய பிறகு. ஆனால் விண்ணப்பத்தில் அவர் பெயரைக் கொடுப்பதற்கு முன்.

ஆய்வகத் தலைவர் ஒருவர்: இதை நான் ஏற்கவில்லை. மாணவர் ஐந்து வருடம் என் நிதியில் வேலை செய்கிறார். கடைசியில் தந்திரமாக மறைத்துவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். முன்பே சொன்னால் நானே நாலு பேரிடம் அறிமுகப்படுத்துவேன்.

நீங்கள் அறிமுகப்படுத்துவீர்கள் என்று நம்புகிறேன் சார். அப்படிப்பட்ட கைடு உள்ளவர்கள் முதல் ஆண்டிலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் கேட்டவருக்குத் தன் கைடு எப்படிப்பட்டவர் என்று தெரியாது. தவறாகக் கணித்தால் அவர் இழப்பது பேப்பர், கடிதம், பட்டத் தேதி. கைடு இழப்பது ஒரு திட்டத்தின் சில மாதங்கள். இருவருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லாதபோது வெளிப்படைத்தன்மையை ஒருவரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

போஸ்ட்டாக், இரண்டாம் ஆண்டு: நான் சொன்னேன். அடுத்த மாதமே என் திட்டம் வேறொருவர் கைக்குப் போனது. பேப்பரில் மூன்றாவது பெயராக வந்தேன்.

ஆய்வகத் தலைவர்: அது தவறு, நான் ஆதரிக்கவில்லை. ஆனால் போகிறவரிடம் மூன்று வருடத் திட்டத்தை எப்படிக் கொடுப்பது? மற்ற மாணவர்களையும் நான் பார்க்க வேண்டாமா?

இது நேர்மையான கேள்வி. புதிய நீண்ட திட்டத்தைப் போகிறவருக்குக் கொடுக்கத் தேவையில்லை. செய்து முடித்த வேலைக்கான பெயரைப் பறிக்கக்கூடாது, அவ்வளவுதான். இவை இரண்டும் வேறு வேறு. பல லேப்களில் குழப்பிக்கொள்கிறார்கள். இதற்கு வழி, யார் என்ன செய்தார்கள் என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுதி வைப்பது. கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைகளின் பட்டியலைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. அதையே ஆறு மாதத்துக்கு ஒரு முறை லேப் கூட்டத்தில் நிரப்பிப் பார்க்கலாம். நீங்கள் தலைவர் என்பதால் இதை நாளைக்கே தொடங்க உங்களால் முடியும். தொடங்கினால் உங்கள் மாணவர்கள் தங்கள் திட்டத்தை உங்களிடம் மறைக்க வேண்டிய தேவையே வராது.

பிஎச்டி நான்காம் ஆண்டு, இயற்பியல்: கைடிடம் கடிதம் கேட்கவே முடியாவிட்டால்?

இன்னும் இரண்டு பேரை இன்றே உருவாக்குங்கள். தீசிஸ் குழுவில் உள்ளவர், கூட்டாய்வு செய்த வேறு லேபின் தலைவர், இருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கத்தில் முன்னேற்றத்தை எழுதி அனுப்புங்கள். உங்களை அறியாதவர் எழுதும் கடிதம் எவ்வளவு புகழ்ந்தாலும் வெறுமையாக இருக்கும், படிக்கிற எங்களுக்குத் தெரிந்துவிடும். கைடு கடிதம் ஏன் இல்லை என்று இண்டர்வியூவில் கேட்டால் ஒரே வாக்கியத்தில், குறை சொல்லாமல் பதில் சொல்லுங்கள்.

(இந்த விவாதத்துக்கு இன்னும் பலர் தங்கள் கதைகளை அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் படித்தேன், மனம் கனக்கிறது. மற்ற கேள்விகள் நிற்பதால் நகர்கிறேன்.)

பிஎச்டி இரண்டாம் ஆண்டு: போஸ்ட்டாக்குக்குக் குறைந்தது மூன்று பேப்பராவது வேண்டுமா?

மேலே பதில் இருக்கிறது.

போஸ்ட்டாக்: எச்1பியில் இருந்து…

வழக்கறிஞர். முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கிறேன்.

பிஎச்டி முடித்தவர்: 60 நிறுவனங்களுக்கு அனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை. சிவி ஏழு பக்கம்.

ஏழு பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நிறுவனத்துக்கு இரண்டு பக்க ரெஸ்யூமே போதும். பேப்பர் பட்டியலை மூன்று வரியில் சுருக்குங்கள். "புரதச் சுத்திகரிப்பில் அனுபவம்" என்பதற்குப் பதில் எந்தப் புரதம், எந்த முறை, விளைச்சல் எவ்வளவு கூடியது, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று எழுதுங்கள். வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்துங்கள், முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் விஞ்ஞானி இல்லை. 60 இடத்துக்கு ஒரே ரெஸ்யூமே போயிருந்தால் அடுத்த பத்தைத் தனித்தனியாக எழுதுங்கள்.

பிஎச்டி மாணவி: எத்தனை பேப்பர்…

தயவுசெய்து மேலே படியுங்கள். எண்ணிக்கையைத் துரத்தி நல்ல வேலையைத் துண்டுதுண்டாக உடைக்காதீர்கள். பேப்பர் வந்த இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆளை அளக்காமல் ஆய்வின் தரத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி டோரா பிரகடனத்தை எழுதினார்கள். எல்லாக் குழுக்களும் அதைப் பின்பற்றுவதில்லை, தெரியும். ஆனாலும் உங்கள் ஒரு பேப்பரை ஆழமாகப் பேசத் தெரிந்திருப்பது மூன்று மெல்லிய பேப்பரை விட மேல்.

போஸ்ட்டாக், ஐந்தாம் ஆண்டு: ஒரு நிறுவனத்திலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது, ஒரு வாரத்தில் பதில் வேண்டுமாம். ஒரு பல்கலைக்கழக இண்டர்வியூ முடிவு மூன்று வாரத்தில். என்ன செய்வது மேடம்?

இன்றே இரண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறுவனத்துக்கு நன்றி சொல்லி, முடிவெடுக்க இன்னும் இரண்டு வாரம் கேளுங்கள். ஒரு வாரமாவது தருவார்கள், கேட்டதற்காகக் கடிதத்தைத் திரும்பப் பெறும் இடம் மிக அரிது. பல்கலைக்கழகத் தேர்வுக்குழுத் தலைவருக்கு, வேறொரு வேலை வாய்ப்பு கையில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் வேலையில் இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று எழுதுங்கள். குழு உங்களை முதலிடத்தில் வைத்திருந்தால் வேகம் எடுப்பார்கள். பதிலே வராவிட்டால், நீங்கள் முதலிடத்தில் இல்லை என்று எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஒன்றில் சேருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதற்குக் காத்திருக்காதீர்கள். அப்புறம் முக்கியமாக, ஐந்தாம் ஆண்டு என்கிறீர்கள். உங்கள் பட்டத் தேதியை வைத்து எந்தெந்த நிதிக்கான கதவுகள் மூடிவிட்டன என்று இன்றிரவே பாருங்கள். பேராசிரியர் வேலை கிடைத்தால் முதல் மூன்று ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது அதைப் பொறுத்தது.