எல்லாரும் நலம், நான் வழக்கம்போல

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒரு கலையில் இருப்பவர்கள். கணவர் ஓவியர். மகள் நடனம் ஆடுகிறாள். மகன் வயலின் கற்றுக்கொண்டிருந்தான். நானும் அவ்வப்போது கவிதை எழுதுவேன், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஆண்டு வீட்டில் நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவோம். எழுதுவது நான்தான்.

இந்த ஆண்டு எழுத உட்கார்ந்ததும் தயக்கம் வந்துவிட்டது. கணவரின் கண்காட்சியில் ஒரு படம்கூட விற்கவில்லை. மகன் ஜூன் மாதத்தோடு வயலினை நிறுத்திவிட்டான், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். மகளுக்கு மட்டும் நல்ல ஆண்டு. அவளைப் பற்றி மட்டும் எழுதினால் பெருமையடிப்பதாகத் தோன்றும். மற்றதை எழுதினால் பண்டிகை நாளில் புலம்பியது மாதிரி இருக்கும். நண்பர் ஒருவர், இந்தக் காலத்தில் கடிதத்தை யார் படிக்கிறார்கள், ஒரு குடும்பப் படமும் வாழ்த்தும் போதும் என்கிறார். வரைவை இணைத்திருக்கிறேன். எதை வைக்கலாம், எதை விடலாம் என்று சொல்வீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரைவைப் படித்தேன். நல்ல நடை உங்களுக்கு. படித்து முடித்ததும் உங்கள் மேல் கோபமும் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பெருமையா புலம்பலா என்ற கவலையை விடுங்கள். நீங்கள் எப்படி எழுதினாலும் உறவினர்கள் தாங்கள் நினைக்க விரும்புவதைத்தான் நினைப்பார்கள். படம் விற்காததை ஒரு வரியில் எழுதுங்கள், ஓவியர் வீட்டில் அது ஒரு செய்தியே இல்லை. உங்கள் நண்பருக்கு ஒரு தகவல்: விற்பனைக்கென்று அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் வந்தது. எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பவர், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையவைத்தது அது. வாழ்த்து அட்டை பிறந்ததே கடிதம் எழுதுவதிலிருந்து தப்பிக்கத்தான். நண்பர் அந்த மரபில் நிம்மதியாக இருக்கட்டும்.

இனி கோபத்துக்கு வருகிறேன். உங்கள் வரைவில் கணவருக்கு ஏறத்தாழ ஒரு பக்கம். மகளுக்கு முக்கால் பக்கம். மகனுக்கு நான்கு வரி, அதிலும் அடித்தல் திருத்தல். கையெழுத்துக்கு மேலே இப்படி ஒரு வரி: 'நான் வழக்கம்போல.' ஒரு வருடம் முழுக்க ஒரு மனுஷி வாழ்ந்திருக்கிறாள், அதற்கு இரண்டு சொல். படங்கள் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தன என்று எழுதுகிறீர்கள். எப்படிப் போயின, நடந்தா? சட்டம் போடக் கொடுத்தது யார், வாங்கி வந்து பொதிந்தது யார், வண்டிக்காரரிடம் வாடகை பேசியது யார்? மகளின் ஒத்திகைகள் 'நடந்தன.' உடைகள் 'தயாராயின.' உங்கள் கடிதத்தில் வேலைகள் எல்லாம் தாமாகவே நடந்துகொள்கின்றன.

ஒரு சிற்பியின் வீட்டிலிருந்து எனக்கும் பல ஆண்டுகள் இப்படிக் கடிதம் வந்துகொண்டிருந்தது. எழுதியது அவர் மனைவி. இந்த ஆண்டு இன்ன மார்பளவுச் சிலை முடிந்தது, இன்ன சிலை இன்னார் வாங்கிக்கொண்டார் என்று வரிசையாக இருக்கும். ஒருமுறை அங்கே தங்கப் போயிருந்தேன். களிமண் உருவத்துக்கு மேல் ப்ளாஸ்டர் அச்சு எடுப்பது அந்த அம்மாள். வார்ப்பு வந்ததும் அரம் போட்டு ஒட்டுத் தழும்புகளை எடுப்பதும் அவர்தான். சிற்பி பக்கத்தில் நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது கேட்டேன், கடிதத்தில் இதெல்லாம் இல்லையே என்று. 'அதெல்லாம் வீட்டு வேலை' என்று சிரித்தார். சிற்பியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அந்த அம்மாளைத்தான் தேடுவேன். ஒரே ஒரு கடிதத்தில் அகப்பட்டார்: 'எனக்குக் காய்ச்சல் என்பதால் சிலை தாமதமாகிவிட்டது.' காய்ச்சல் வந்தால்தான் இவர்கள் குடும்ப வரலாற்றுக்குள் நுழைய முடியும் போலிருக்கிறது.

ஸ்வீடன் ஓவியர் கார்ல் லார்சனின் நீர்வண்ணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சுண்ட்போர்ன் கிராமத்து வீடு, பிள்ளைகள், கிறிஸ்துமஸ் விருந்து. அந்த வீட்டின் திரைகள், மேசைவிரிப்புகள், பிள்ளைகளின் உடைகள், நாற்காலிகள் சிலவற்றின் வடிவமைப்பு எல்லாம் மனைவி கரினுடையவை. அவரும் முறையாக ஓவியம் பயின்றவர். திருமணத்துக்குப் பின் தூரிகையை ஏறக்குறைய விட்டுவிட்டார். கார்ல் வரைந்தது கரின் முன்பே உருவாக்கி வைத்திருந்த ஒன்றை. இதை உலகம் கவனிக்க நெடுங்காலம் ஆயிற்று.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ஃபேனி ஹென்ஸலைப் பற்றி. கொஞ்ச நாளாக அவருடைய இசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபீலிக்ஸ் மெண்டல்ஸோனின் அக்கா. அக்காவும் தம்பியும் ஒரே ஆசிரியர்களிடம் படித்தவர்கள். 1820இல் தந்தை மகளுக்கு எழுதினார்: இசை அவனுக்கு ஒருவேளை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும். தம்பிக்கு அக்கா மேல் உயிர். தன் இசையை முதலில் அவரிடம்தான் காட்டுவான். ஆனால் அக்கா தன் பெயரில் நூல் வெளியிடலாமா என்ற பேச்சு வந்தபோது, அவள் வீட்டைக் கவனிக்கிறாள், பதிப்பு வேலை அவளைத் தொந்தரவுதான் செய்யும் என்று அம்மாவுக்கு எழுதினான். அதற்கு முன்பே, அவனுடைய ஓபஸ் 8, ஓபஸ் 9 (ஓபஸ் என்பது இசைப் படைப்புக்கு இடும் வரிசை எண்) பாடல் தொகுப்புகளில் மும்மூன்று பாடல்கள் அக்காவுடையவை, அவன் பெயரில் அச்சானவை. 1842இல் விக்டோரியா மகாராணி தமக்குப் பிடித்தது என்று ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாட, அது அக்கா எழுதியது என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த இடத்தில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்த ஃபேனி 1841இல் பியானோவுக்கு ஒரு தொகுப்பு எழுதினார். பெயரே 'ஆண்டு'தான். பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொன்று, முடிவில் ஒரு பின்னுரை. இத்தாலிக்குக் குடும்பத்தோடு போய் வந்த நினைவுகள் அதற்குள் இருக்கின்றன, பிப்ரவரியில் ரோமாபுரியின் திருவிழாக் கும்மாளம் கேட்கிறது. மார்ச்சில் உயிர்ப்பு ஞாயிறின் பழைய ஞானப்பாட்டு. டிசம்பர் படபடவென்று விரைந்துகொண்டே வந்து, சமயச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தரின் கிறிஸ்துமஸ் பாட்டில் போய் நிற்கிறது. அதன் செம்பிரதியை மாதத்துக்கு ஒரு நிறமாக வண்ணத் தாள்களில் எழுதினார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கவிதை வரி. ஓரத்தில் சித்திரம் வரைந்தது கணவர் வில்ஹெல்ம், அவர் தொழில்முறை ஓவியர். ஒரு கலைக் குடும்பத்தின் ஆண்டுக் கடிதம் என்று நான் மனதில் வைத்திருப்பது இதைத்தான். அதில் யாருக்கும் விருது கிடைக்கவில்லை, யாருடைய படமும் விற்கவில்லை. ஒருத்திக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்பது மட்டும் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை அது அச்சாகவில்லை. 1989இல்தான் அச்சேறியது.

1846இல் ஒருவழியாகத் தன் பெயரில் ஓபஸ் 1 வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம், வீட்டு ஞாயிறு கச்சேரிக்குத் தம்பியின் இசையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்துபோனார், நாற்பத்தோரு வயதில். ஆறு மாதத்துக்குள் தம்பியும் போய்விட்டான்.

உங்களிடம் கேட்கிறேன். கவிதை எழுதுவதைச் 'சொல்ல வேண்டியதில்லை' என்று உங்களுக்குச் சொன்னது யார்? உங்கள் கணவர் சொல்லியிருக்க மாட்டார், கடிதத்தைப் பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஃபேனிக்காவது அப்பா சொன்னார், தம்பி சொன்னான். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். சொல்லிக்கொண்டதோடு நிற்காமல், அதை வருடா வருடம் கைப்பட எழுதி ஊருக்கெல்லாம் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்து வளர்ந்த மகளுக்கு நீங்கள் கற்றுக்கொடுப்பது என்ன? நாளை அவளும் ஒரு வீட்டின் கடிதத்தை எழுத உட்காருவாள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்த இரவைப் பற்றி வரைவில் மூன்று வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். விற்காத படங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க இடமில்லாமல் நீங்களும் அவரும் கூடத்தில் நின்றது. அடித்த கோட்டுக்கு அடியில் படிக்க முடிந்தது. மொத்தக் கடிதத்திலும் உயிருள்ள வரிகள் அவைதான், அவற்றைத்தான் வெட்டியிருக்கிறீர்கள்!

மகன் விஷயத்தைக் கேட்டிருந்தீர்கள். வயலினை நிறுத்தியது அவன். அதைப் பற்றி எழுதலாமா என்று அவனிடம் கேளுங்கள், என்னிடம் கேட்டு என்ன பயன். வேண்டாம் என்றால் அவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

'நான் வழக்கம்போல' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இந்த ஆண்டு எழுதிய கவிதைகளில் ஒன்றை முழுதாகப் போடுங்கள். ஓரத்தில் உங்கள் கணவர் ஏதாவது வரையட்டும். நேரமில்லை என்று அவர் சொன்னால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், அவருக்கு நான் தனியாக எழுதுகிறேன்.