வயிற்றுப் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்க்க எது நல்லது: ஈ-டெஸ்ட்டா, அகார் டைல்யூஷனா, பிசிஆரா?

எந்த மருந்துக்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நான் லேபில் இந்தக் கிருமியோடு வேலை செய்பவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஈ-டெஸ்ட் என்பது மருந்தின் அளவு படிப்படியாகக் கூடும் பட்டையைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத நீள்வட்டத்தைப் படிப்பது. அகார் டைல்யூஷன் என்பது வெவ்வேறு அளவு மருந்து கலந்த தட்டுகளில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பிசிஆர் என்பது எதிர்ப்பு தரும் மாற்றம் கிருமியின் மரபணுவில் இருக்கிறதா என்று தேடுவது.

கிளாரித்ரோமைசின் என்றால் மூன்றும் பெரும்பாலும் ஒரே முடிவைத்தான் தரும். யூகாஸ்ட் என்ற ஐரோப்பியக் குழுவின் வரம்புப்படி எம்ஐசி, அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்து அளவு, லிட்டருக்கு 0.25 மில்லிகிராமுக்குள் இருந்தால் மருந்து கேட்கும். கேட்கிற கிருமிகள் அதற்கு வெகு கீழேயும், எதிர்ப்பு வந்தவை வெகு மேலேயும் நிற்பதால் குழப்பம் குறைவு. அந்த எதிர்ப்பும் பெரும்பாலும் 23எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற மரபணுவில் 2142, 2143 ஆகிய இரண்டே இடங்களில் வரும் மாற்றத்தால் வருவது. அதனால் பிசிஆர் இங்கே அருமையாக வேலை செய்கிறது: கிருமி வளரக் காத்திருக்க வேண்டாம், பயாப்ஸியில் எடுத்த கிருமி லேபுக்கு வரும் வழியிலேயே செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை, மலத்திலிருந்தே கூடப் பார்க்கலாம்.

சிக்கலெல்லாம் மெட்ரோனிடசோலில்தான். ஒரே கிருமியை ஈ-டெஸ்ட் ரெசிஸ்டன்ட் (எதிர்ப்பு உள்ளது) என்னும், அகார் டைல்யூஷன் கேட்கும் என்னும். இந்த மருந்து கிருமிக்குள் போய் எலக்ட்ரான் பெற்று ஒடுக்கம் அடைந்தால்தான் வேலை செய்யும், அதற்குச் சூழலில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது முக்கியம், தட்டுகளை வைக்கும் மூடிய ஜாரில் அது கொஞ்சம் மாறினாலே எம்ஐசி நகர்ந்துவிடும். வரம்பான லிட்டருக்கு 8 மில்லிகிராமை ஒட்டி நிற்கும் கிருமி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும். ஈ-டெஸ்ட் பொதுவாக எதிர்ப்பைக் கூட்டியே காட்டுகிறது. அதனால் ஈ-டெஸ்ட்டில் ரெசிஸ்டன்ட் என்று வந்தால் அகார் டைல்யூஷனில் ஒருமுறை சரிபார்க்காமல் அந்த மருந்தை ஒதுக்காதீர்கள். பிசிஆரும் இதற்கு உதவாது. இந்த எதிர்ப்போடு தொடர்புள்ள ஆர்டிஎக்ஸ்-ஏ மரபணுவில் மாற்றங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன, நம்பிச் சொல்ல ஒரு குறிப்பிட்ட இடம் இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் அகார் டைல்யூஷனிலேயே செய்யலாமே? ரத்தம் சேர்த்த மியூலர்-ஹின்டன் அகாரில் மருந்தை இரண்டிரண்டு மடங்காகக் கூட்டித் தட்டு தட்டாக ஊற்றி, ஆக்சிஜன் குறைந்த சூழலில் 3 நாள் வைத்துப் பார்ப்பது பத்து இருபது கிருமிகள் சேர்ந்து வந்தால் கட்டுப்படியாகும். ஒரே ஒரு நோயாளிக்காக ஒவ்வொரு மருந்துக்கும் அத்தனை தட்டு ஊற்றுவது எந்த லேபுக்கும் சுமைதான். அன்றாட வேலைக்கு ஈ-டெஸ்ட்தான் நடைமுறை. மருந்து தோய்த்த வில்லையைத் தட்டில் வைக்கும் டிஸ்க் முறை மலிவு. ஆனால் இவ்வளவு மெதுவாக வளரும் கிருமிக்கு அதை மட்டும் நம்பி மருந்து எழுதச் சொல்ல மாட்டேன்.

ஈ-டெஸ்ட் படிக்கும்போது தட்டைச் சாய்த்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஊசிமுனை அளவில் தனித்தனிக் காலனிகள் தெரிந்தால் அவற்றைக் கணக்கில் எடுக்காமல் எம்ஐசி எழுதாதீர்கள், ஒரே வயிற்றில் இரண்டு வகைக் கிருமி கலந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கல்ச்சரில் ஒரே காலனியைத் தொட்டு எடுத்தால் இது தப்பிவிடும், பல காலனிகளைச் சேர்த்துக் கரைக்க வேண்டும். பழைய தட்டிலிருந்தும் எடுக்கக் கூடாது, கிருமி உருண்டையாகிவிட்டால் சரியாக வளராது. பயாப்ஸி எடுக்கும் டாக்டரிடம் வயிற்றின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலிருந்தும் கேட்டு வாங்குங்கள், இரண்டு இடத்துக் கிருமிக்கும் முடிவு வேறாக வருவது உண்டு.