ஆய்ஸ்டர் விருந்துக்கு 7 யூரோ ஒயினா?

கேள்வி: கணவரின் வேலைக்காக பிரான்ஸின் நான்த் நகருக்கு வந்திருக்கிறோம். ஞாயிறு மதியம் அவருடைய மேலாளர் வீட்டில் விருந்து, ஆய்ஸ்டர் (பச்சையாகவே சாப்பிடும் கடல் சிப்பி) உண்டாம். கடையில் கேட்டால், ‘மஸ்கடே’ என்ற வெள்ளை ஒயின், 7 யூரோ பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவு மலிவானதைக் கொண்டுபோனால் நன்றாக இருக்குமா? பிறகு அவர்களை நம் வீட்டுக்கு அழைத்து மீன் குழம்பு வைத்தால், அதற்கும் இதுவே போதுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தயங்காமல் வாங்குங்கள். ஆய்ஸ்டர் என்றதும் அந்த ஊரில் கை தானாக மஸ்கடே பக்கம்தான் போகும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் தரம் அல்ல, பெயர். பூர்கோஞ், போர்தோ ஒயின்களுக்கு இருக்கும் மவுசு உலகச் சந்தையில் இதற்கு இல்லை. உங்கள் கணவரின் மேலாளருக்கு அது தெரிந்திருக்கும்.

மஸ்கட் திராட்சை ஒயின் போல இனிக்குமோ என்று நினைத்துவிடாதீர்கள். இதில் இனிப்பே இருக்காது. மெலோன் தெ பூர்கோஞ் என்ற திராட்சையில் செய்வது. 1709-ம் ஆண்டின் கொடுங்குளிரில் நான்த் பகுதித் தோட்டங்கள் பட்டுப்போயின. குளிரைத் தாங்கும் கொடி என்பதால் அதன்பின் இது பரவலாக நடப்பட்டது. காய்ச்சி பிராந்தி ஆக்குவதற்கு லேசான வெள்ளை ஒயின் தேடிய டச்சு வணிகர்களுக்கும் இது வசதியாக இருந்தது. சுவையைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

பாட்டிலின் லேபிளில் ‘சுர் லீ’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் மண்டி அடியில் தங்கும் அல்லவா? பல ஒயின்களில் அதைச் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். இதில் குளிர்காலம் முழுக்க மண்டியின் மேலேயே ஒயினை விட்டுவைத்து, அப்படியே பாட்டிலில் அடைக்கிறார்கள். சப்பென்று போயிருக்கக்கூடிய ஒயினுக்கு ஒரு திடமும், நாக்கில் மெல்லிய சுருக்கும் அதிலிருந்துதான் வருகின்றன. மற்றபடி எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கொஞ்சம் உப்புக்கரிப்பு, அவ்வளவுதான். வாசனை தூக்கலாக இல்லாததை ஒரு குறையாகச் சொல்வார்கள். ஆய்ஸ்டருக்குப் பக்கத்தில் அதுவே நல்லது. மரப்பீப்பாயில் ஊறிய கனத்த ஷார்டனே வெள்ளை ஒயின் அந்தக் கடல் ருசியை அமுக்கிவிடும். மஸ்கடே, மீன் வறுவல் மேல் பிழிந்த எலுமிச்சை மாதிரி கூடவே போகும்.

இன்னும் கொஞ்சம் செலவு செய்யத் தோன்றினால், ‘கிளிஸோன்’ அல்லது ‘கோர்ஜ்’ என்ற ஊர்ப்பெயர் போட்ட மஸ்கடே கேளுங்கள். 2011-ல் தனி அங்கீகாரம் பெற்றவை. கிளிஸோன் கருங்கல் மண்ணில் விளைவது, கோர்ஜ், பூமிக்கடியில் எரிகுழம்பு இறுகி உண்டான காப்ரோ என்ற பாறை மண்ணில். மண்டியோடு நீண்ட காலம் கிடப்பதால் கனமாக இருக்கும், பத்தாண்டு வைத்தாலும் தாங்கும். ஆனால் சமைக்காத ஆய்ஸ்டருக்கு இளசான சுர் லீதான் என் தேர்வு. கிளிஸோனை பெர் பிளாங் ஊற்றிய ஆற்று மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினிகர், வெள்ளை ஒயின், சின்ன வெங்காயம் மூன்றையும் சுண்ட வைத்து வெண்ணெயை அடித்துச் சேர்க்கும் சாஸ் அது, அந்த வட்டாரத்துப் பண்டம்தான். ஒரு தரமாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

மீன் குழம்புக்கு வேண்டாம். புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்புக்கு முன்னால் மஸ்கடே வெறும் புளிப்புத் தண்ணீராகிவிடும். நான்த் வழியாக ஓடும் அதே லுவார் நதிக்கரையில் கிழக்கே விளையும் வுவ்ரே ஒயினில் ‘தெமி-செக்’ வகை வாங்குங்கள். லேசாக இனிக்கும், காரத்தைத் தணிக்கும். குழம்புக்கு முன் நெத்திலியோ இறாலோ மசாலா குறைத்து வறுத்தால், அதற்கு மஸ்கடே அருமையாகச் சேரும்.

அப்புறம், சில்லென்று பரிமாற வேண்டும், 8 முதல் 10 டிகிரிக்குள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு பாட்டிலாகவே எடுத்துப்போங்கள், விலைதான் இடம் கொடுக்கிறதே. மிச்சம் வந்தால் வீட்டுக்காரர்கள் மறுநாள் மூல் சிப்பி வேக வைக்க அதையே ஊற்றிக்கொள்வார்கள்.