கடற்கரை ஏன் தலைமுறை தலைமுறையாக எழுதவும் வரையவும் வைக்கிறது?

நான் பவானிக்காரன். எங்கள் ஊரில் ஆறு உண்டு, கடல் கிடையாது. 14 வயது வரை கடலைப் பார்த்ததே இல்லை, அதனாலேயே இந்தக் கேள்விக்கு எழுதத் தோன்றியது.

முதலில் பார்த்தது பூம்புகாரில். அமுச்சியும் (அம்மாவின் அம்மா) கூட வந்திருந்தார். ஆடிப்பதினெட்டுக்கு வருசா வருசம், எங்கள் ஊரில் பவானி ஆறு காவிரியோடு சேரும் கூடுதுறையில் முளைப்பாரி விடுகிறவர். கரையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நாம உட்ட மொளப்பாரியெல்லாம் இங்கதான் வந்து சேந்துதா கண்ணு?" என்று கேட்டார். நடுவில் எத்தனை அணை, எத்தனை வாய்க்கால் என்று பள்ளியில் படித்திருந்தேன், ஆனாலும் ஆமாம் என்றேன்.

பிற்பாடு சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் படித்தபோது அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 'நடந்தாய் வாழி காவேரி' என்பது மாதவி அதே புகார்க் கடற்கரையில் யாழை வைத்துக்கொண்டு பாடுவது. கோவலன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவளுக்குத் தோன்ற, அவளும் தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோலப் பாடிக்காட்ட, அவன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். அதற்குப் பிறகு அவளிடம் திரும்பவே இல்லை. இப்போது அந்தக் கடற்கரையில் ஏழு நிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் நிற்கிறது, உள்ளே சுவரெல்லாம் இதே கதை, கல்லில். ஒரு மாலை நேரத்துச் சண்டை எத்தனை நூற்றாண்டு தாண்டிச் சிற்பிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது பாருங்கள்.

என் எண்ணம் இதுதான்: கடலின் அழகு மட்டும் இதைச் செய்யவில்லை. நம்மைப்போல உள்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத்தான் கடல் ஒரு காட்சி. அங்கேயே இருக்கிறவர்களுக்கு அது ஆள் போன இடம், ஆள் திரும்ப வேண்டிய இடம். பழைய ஆட்கள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள், கடலும் கரையுமான நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள், அதாவது பாட்டின் உணர்வு, இரங்கல் (பிரிவில் வருந்துவது), பொழுது எற்பாடு. எற்பாடு என்றால் பொழுது சாய்கிற நேரம் என்று வெறுமனே மனப்பாடம் செய்திருந்தேன். பூம்புகாரில் சாயங்காலம் நின்றபோதுதான் புரிந்தது, அங்கே சூரியன் கடலில் விழுவதில்லை, நம் முதுகுக்குப் பின்னால் மேற்கே, எங்கள் ஊர்ப்பக்கமாக இறங்குகிறது. எதிரே கடல் கொஞ்சங்கொஞ்சமாகக் கறுக்கிறது. அந்தப் பக்கம் பார்த்து ஒருத்தி காத்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்!

நற்றிணையில் 172ஆம் பாட்டு எனக்கு உயிர். எழுதியவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. விளையாடும்போது வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி மறந்துவிடுகிறார்கள் பெண்கள், அது முளைக்கிறது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள், இது உங்களைவிடச் சிறந்தது, உங்கள் தங்கை. இப்போது காதலன் அதன் நிழலுக்கு வருகிறான், கூடப் பிறந்தவள் முன்னால் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தோட்டத்து வேம்பை வெட்டலாம் என்று பேச்சு வந்தபோது என் அம்மா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இந்தப் பாட்டு எனக்கு அன்னியமாகவே படவில்லை, மரம்தான் வேறு.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. வல்லம் என்கிற நாட்டுப்படகையும் கடலையும் விட்டு வர மனமில்லாத குரூஸ் மிக்கேல், லாஞ்சு என்கிற இயந்திரப் படகு வந்ததால் கரையில் மூளும் பகை, நடுவில் பிலோமியின் காதல். இங்கேயும் இரங்கல்தான், ஆனால் இழப்பது காதலனை மட்டும் இல்லை, தொழிலையும். அப்புறம் உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' எழுதினார். கரையின் ஆளே பேசும்போது கடலின் சொற்களும் வந்துவிடுகின்றன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் உண்டு அவர்களிடம். நமக்கு ஆடிக்காற்று ஒன்றுதான் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் முருங்கையை முறித்துப்போடும் அந்தக் காற்றும் கடலிலிருந்து வருவதுதான்.

ஓவியர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம் கோயம்புத்தூரில், 1911இல். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணி போன்ற கைவினைகளை விற்று, அந்தக் காசில் படம் வரைந்தார்கள். அந்தக் காலத்தில் பணிக்கர் வரைந்த புகழ்பெற்ற வரிசை 'சொற்களும் குறியீடுகளும்'. அதில் அலையோ படகோ பெரிதாக இல்லை, எழுத்து, கட்டம், குறி இவைதான். கடற்கரை சில பேருக்குப் பொருளைத் தருவதில்லை, உட்கார்ந்து வேலை செய்ய இடத்தைத் தருகிறது. அதுவும் தூண்டுதல்தான் என்பேன்.

இன்னொன்று. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைப் பதிற்றுப்பத்து 74ஆம் பாட்டு சொல்கிறது, 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம், பந்தர்ப் பயந்த பலர்புகழ் முத்தம்' என்று. எங்கள் பக்கத்து நகையும், பந்தர் என்ற துறைமுகத்துக் கடல் முத்தும் அடுத்தடுத்த வரியில். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகளைப் பார்க்கப் போனால் இந்த ரெண்டு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.