9ஹெச் என்றால் கீறல் விழாதா?

நான்கு வருடக் கருப்பு கார், நிற்பது வெட்டவெளியில், வெயிலில் பார்த்தால் சிலந்திவலை மாதிரிக் கீறல்கள். 9ஹெச் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) போட்டால் இனி கீறலே விழாது என்கிறார் கடைக்காரர், போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கீறலே விழாது என்பதை நம்பாதீர்கள். 9ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; மண்துகள் கீறாது என்று அதற்கு அர்த்தமில்லை. கோட்டிங்கின் தடிமன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான். கல் தெறித்தால் அது தாங்காது, அதற்கு பிபிஎஃப் என்ற தடிமனான பிளாஸ்டிக் படலத்தைத்தான் பெயின்ட் மேல் ஒட்ட வேண்டும்.

இன்னொன்று, இருக்கிற கீறல்களைக் கோட்டிங் சரிசெய்யாது. முதலில் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். பாலிஷ் என்பது க்ளியர் கோட்டை, அதாவது பெயின்டின் மேலிருக்கும் நிறமற்ற அடுக்கை, லேசாகச் சீவுவதுதான், அதனால் பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்ததும், கோட்டிங் போடும் முன், கீறல் போய்விட்டதா என்று செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து நீங்களே பாருங்கள். பளபளப்பில் பாதிக்கு மேல் இந்த வேலையால் வருவது. பெயரைத் தட்டிக்கொண்டு போவது கோட்டிங்!

வெளியே நிற்கும் வண்டிக்குப் பலன் உண்டு. அழுக்கு சுலபமாகப் போகும். ஆனால் பறவை எச்சத்தை உடனே கழுவத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரைத் துடைக்காமல் விட்டு, கோட்டிங் போட்ட என் பானெட்டிலேயே வட்ட வட்டமாக வெள்ளைக் கறை வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வாளி வைத்து (ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர்) நீங்களே கழுவுவீர்கள் என்றால் போடுங்கள். தினமும் யாரோ ஒரே அழுக்குத் துணியால் துடைக்கிறார்கள் என்றால் வேண்டாம். அந்தச் சிலந்திவலையே அப்படி வந்ததாக இருக்கலாம். பாலிஷ் மட்டும் போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ் பூசினாலே போதும்.