பொன்னியின் செல்வனுக்கு நான்கு பதிவு போட வேண்டுமா? எல்ஆர்எம் மாதிரியும் கோஹா பட்டியலும்

கேள்வி: நூலகவியல் வகுப்பில் நூல் விவரங்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் எஃப்ஆர்பிஆர், எல்ஆர்எம் மாதிரிகளை எல்லாம் படித்தோம். எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருளில் "பொன்னியின் செல்வன்" என்று தேடினால் பல பதிவுகள் தனித்தனியாக வருகின்றன, சில வருவதே இல்லை. படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, பிரதி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போட்டால்தான் இது சரியாகுமா?

பதில்:

வேண்டாம். நூல் விவரங்களை "டேக்" என்ற எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் 21 வடிவப் பதிவில் இந்த நான்கு அடுக்குகளும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எந்த டேக் எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்து, அந்த டேகை ஒழுங்காக நிரப்பினாலே உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும். எல்ஆர்எம் ஒரு சிந்தனை மாதிரிதான், பதிவு வடிவம் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், மாணவர்கள் நான்கு பெட்டிப் படத்தைப் பார்த்து நான்கு பதிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வரலாறு சுருக்கமாக: சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் எஃப்ஆர்பிஆர் அறிக்கையை வெளியிட்டது. பெயர்களுக்காக எஃப்ஆர்ஏடியும் பொருள் தலைப்புகளுக்காக எஃப்ஆர்எஸ்ஏடியும் பின்னால் வந்தன. மூன்றும் சில இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2017இல் மூன்றையும் சேர்த்து எல்ஆர்எம் ஆக்கினார்கள். அதில் 11 உருபொருள்கள் (படைப்பு, ஆள் போன்றவை), 37 பண்புகள், 36 உறவுகள். "கண்டுபிடி, அடையாளம் காண், தேர்ந்தெடு, பெறு" என்ற நான்கு பயனர் பணிகளோடு "உலவிப் பார்" என்ற ஐந்தாவதும் சேர்ந்தது. நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவினை அவ்வளவு புதிதும் அல்ல. எண்ணம் வெளிப்பட்டால் படைப்பு, அது ஒரு பொருளில் உருவேறினால் ஆவணம் என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் முன்பே பிரித்திருக்கிறார்.

இனி உங்கள் நாவலுக்கே வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்தக் கதைதான் படைப்பு. கல்கி எழுதிய தமிழ் வாசகம் ஒரு வெளிப்பாடு, ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொன்று. இரண்டு பேர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தால் அவை இரண்டு வெளிப்பாடுகள். ஒலிநூலாக வாசித்திருந்தால் அதுவும் தனி வெளிப்பாடு, ஆனால் படைப்பு அதேதான். ஒரு பதிப்பகம் ஐந்து பாகமாகவும் இன்னொன்று ஒரே கெட்டி அட்டை நூலாகவும் போட்டால் வெளிப்பாடு ஒன்று, வெளியீடுகள் இரண்டு. மின்னூல் மூன்றாவது வெளியீடு. உங்கள் அலமாரியில் பார்கோடு ஒட்டி நிற்பது பிரதி. மணிரத்னத்தின் 2022, 2023 திரைப்படங்கள் வேறு படைப்புகள். படக்கதையும் மேடை நாடகமும் அப்படியே. சுருக்கப் பதிப்பு மட்டும் அதே படைப்பின் வெளிப்பாடாகவே நிற்கும். யாராவது சிறுவர்களுக்காகத் தன் நடையில் திருப்பிச் சொல்லியிருந்தால் அது தனிப் படைப்பு. எல்லை எங்கே என்ற சண்டை எப்போதும் இங்கேதான் வரும். "வாசகம் கல்கியுடையதா, திருப்பிச் சொன்னவருடையதா" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை விடை கிடைத்துவிடும்.

நாவல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பதிப்பகங்கள் ஏராளம். அதனால் உங்களிடம் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலும் ஒரே வெளிப்பாட்டின் பல வெளியீடுகள்தான் இருக்கும். அவை தனிப் பதிவுகளாக இருப்பதில் தவறில்லை, இருக்கவும் வேண்டும். அவற்றுக்குப் பொதுவான கயிறு இல்லாததுதான் கோளாறு.

அந்தக் கயிறு ஆசிரியர் பெயருக்கான 100 டேகும் படைப்பின் பொதுத் தலைப்புக்கான 240 டேகும். வியூஃபைண்ட் போன்ற தேடுமுகங்கள் ஒரு படைப்பின் பதிவுகளைச் சேர்ப்பதற்கு ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் ஒட்டி ஒரு திறவுகோல் செய்கின்றன. அதற்கு 240இல் இருக்கும் தலைப்பும் உதவும். 240 இல்லையென்றால் நூலின் முகப்புத் தலைப்பு இருக்கும் 245தான் கதி. நூலின் முகப்பில் "பொன்னியின் செல்வன்" என்று மட்டும் இருந்தால் 240 தேவையில்லை, 245 போதும். "அமரர் கல்கியின் பொன்னியின் செல்வன்", "பொன்னியின் செல்வன்: மக்கள் பதிப்பு" என்று பதிப்பகம் அலங்காரம் செய்திருந்தால், முகப்பில் உள்ளது உள்ளபடி 245இல் போகட்டும், 240இல் வெறும் "பொன்னியின் செல்வன்" வர வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால் 240இல் அதே தலைப்பைப் போட்டு எல் துணைப்புலத்தில் "ஆங்கிலம்" சேர்க்கவும். மொழிக் குறியீடுகளுக்கான 041இன் முதல் குறியை 1 ஆக்கி, ஏ துணைப்புலத்தில் ஆங்கிலக் குறியீடு, எச் துணைப்புலத்தில் மூலமொழியான தமிழின் குறியீடு. மொழிபெயர்ப்பாளர் 700இல், உறவுச் சொல்லோடு. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த ருஷ்ய நாவல் என்றால் இடைமொழியைக் கே துணைப்புலத்தில் குறிக்கலாம். பெரும்பாலான நூலகங்களில் இந்தத் துணைப்புலம் தொடப்படுவதே இல்லை.

மொழிபெயர்ப்பு நூல்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. அட்டையில் "தமிழில்: இன்னார்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தப் பெயர் 100இல் ஏறிவிடும், மூல ஆசிரியர் 700க்குப் போய்விடுவார். அந்த நொடியிலேயே நூல் தன் படைப்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. இன்னொன்று, மாக்சிம் கார்க்கி ஒரு பதிவில், மக்சீம் கோர்க்கி இன்னொன்றில் என்று பெயர் மாறுவது. எல்ஆர்எம் இதற்காகவே பெயரைத் தனி உருபொருளாக்கி "நோமென்" என்றது. ஆள் ஒருவர், அவரைக் குறிக்கும் நோமென்கள் பல. கல்கி, ரா. கிருஷ்ணமூர்த்தி, இசை விமர்சனத்துக்கு வைத்துக்கொண்ட கர்நாடகம், ரோமன் எழுத்து வடிவம் எல்லாம் ஒரே ஆளின் நோமென்கள். கோஹாவில் இதைச் செய்யும் இடம் பெயர் வடிவங்களைச் சேர்த்து வைக்கும் அத்தாரிட்டி பதிவு: தேர்ந்தெடுத்த வடிவம் 100இல், மற்றவை எல்லாம் 400இல். நூல் பதிவில் பெயரைக் கையால் தட்டாமல் அத்தாரிட்டியிலிருந்து இழுத்துப் போடுங்கள். இடையில் ஒன்று: எல்ஆர்எம்மில் "ஆள்" என்றால் உண்மையில் வாழ்ந்தவர், அல்லது வாழ்ந்ததாகக் கருதப்படுபவர். கற்பனைப் பாத்திரமான நந்தினி அந்த வகையில் ஆள் ஆக மாட்டாள். அவளைப் பற்றிய ஆய்வு நூலுக்கு அவள் பெயரைப் பொருள் தலைப்பாக்கத் தடையில்லை.

தமிழ்ப் பட்டியல்களில் மட்டும் வரும் மூன்று சிக்கல்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது யூனிகோட். "பொன்னியின்" என்ற சொல்லின் "பொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரே தட்டச்சு முறையில் உள்ளிட்டவை ஒருவிதமாகவும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்தவை வேறுவிதமாகவும் இருப்பது சகஜம். "சில வருவதே இல்லை" என்கிறீர்களே, நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சோதிப்பது எளிது. தேடலில் வராத பதிவின் தலைப்பை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அது மட்டும் வந்து மற்றவை மறைந்தால் நோய் இதுதான். பதிவுகளை மார்க் எடிட் போன்ற கருவிக்கு ஏற்றுமதி செய்து, எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவுக்கு மாற்றித் திரும்ப ஏற்றவும். முழுப் பட்டியலிலும் கை வைப்பதற்கு முன் ஐம்பது பதிவில் சோதித்துப் பாருங்கள், காப்புப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எழுத்துமுறை. அமெரிக்க நூலகங்களிலிருந்து இசட்39.50 என்ற பதிவுப் பரிமாற்ற நெறிமுறை வழியாக இறக்கும் தமிழ் நூல் பதிவுகளில் 100, 240, 245 எல்லாம் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். தமிழ் வடிவம் இருந்தால் அது 880இல் ஒளிந்திருக்கும், பல பழைய பதிவுகளில் அதுவும் இராது. உங்கள் ஆட்கள் நேரடியாகப் போட்ட பதிவுகளில் 245இல் தமிழ் எழுத்து. இரண்டும் எந்தக் காலத்திலும் தாமாகச் சேராது. முதன்மை டேக்களில் எந்த எழுத்து என்று ஒருமுறை முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். வாசகர்கள் தமிழில் தேடும் நூலகம் என்றால் தமிழ் எழுத்தே முதன்மை, ரோமன் வடிவம் 880இலும் அத்தாரிட்டியின் 400இலும் இருக்கட்டும் என்பேன். கூட்டுப் பட்டியலில் பங்கேற்கும் நூலகம் என்றால் அந்தக் கூட்டின் விதிதான்.

மூன்றாவது "பதிப்பு" என்ற சொல். "பன்னிரண்டாம் பதிப்பு" என்று உள்பக்கத்தில் போட்டிருந்தாலும் பல நேரங்களில் அது மறுஅச்சுதான். வாசகம் மாறவில்லை என்றால் புதிய வெளிப்பாடு இல்லை. அச்சுக்கோப்பும் அதே என்றால் புதிய வெளியீடும் இல்லை. ஏற்கெனவே உள்ள பதிவில் ஒரு பிரதியைச் சேர்த்தால் போதும். பதிப்பு எண்ணை நம்புவதைவிடப் பக்க எண்ணிக்கையை நம்புங்கள். பதிப்பகம், பக்க எண்ணிக்கை, நூலளவு மூன்றும் ஒத்துப்போனால் மறுஅச்சு என்று கொள்ளலாம். பக்கம் 40 கூடியிருந்தால் எழுத்துக்கோப்பு மாறியிருக்கலாம், முன்னுரை சேர்ந்திருக்கலாம், திருத்தப்பட்டும் இருக்கலாம். புரட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஐஎஸ்பிஎன்னும் கைகொடுக்காத இடம் இது. பழைய தமிழ் நூல்களில் அது இருக்கவே இருக்காது. கோஹாவில் ஐஎஸ்பிஎன்னை வைத்துப் பிற பதிப்புகளைக் காட்டும் விருப்பத்தேர்வு ஒன்று எஃப்ஆர்பிஆர் என்ற பெயரோடே இருக்கிறது. வெளிச் சேவையை நம்பியது. தமிழ்த் தொகுப்புக்கு அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

ஐந்து பாகப் பிரச்சினையை வேறாகப் பார்க்க வேண்டும். "புது வெள்ளம்", "சுழற்காற்று" என்று பாகப் பெயரையே தலைப்பாக்கித் தனித்தனிப் பதிவு போட்டிருந்தால், நாவலின் பெயரில் தேடுபவருக்கு அவை கிடைக்காது. ஐந்தையும் ஒரே பதிவில் வைத்து 300இல் "5 தொகுதிகள்" என்று எழுதி, 505இல் பாகப் பெயர்களைக் கொடுத்து, 952 டேகில் ஐந்து பிரதிகளை இணைப்பது பட்டியல் கணக்கில் சுத்தமான வழி. ஆனால் முன்பதிவில் இது கடிக்கும். வாசகர் "கிடைக்கும் ஏதாவது ஒரு பிரதி" என்று முன்பதிவு செய்தால், முதல் பாகம் கேட்டவருக்கு நான்காம் பாகம் எடுத்து வைக்கப்படும். ஒவ்வொரு பிரதியிலும் எச் துணைப்புலத்தில் பாக எண்ணைப் போட்டு, பிரதி அளவிலான முன்பதிவைக் கட்டாயமாக்கினால் தப்பலாம். புதிய கோஹா பதிப்புகளில் பிரதிகளைக் குழுக்களாக்கும் வசதியும் இருக்கிறது. தனிப் பதிவுகள்தான் வேண்டும் என்றால் 245இல் ஏவில் நாவல் பெயர், என்னில் "முதல் பாகம்", பியில் (p, b அல்ல) "புது வெள்ளம்" என்ற வரிசையில் கொடுங்கள். பாகப் பெயர் ஏவில் தனியாக நிற்கவே கூடாது.

உரையோடு வரும் இலக்கியங்களுக்கு வேறு கணக்கு. திருக்குறளும் பரிமேலழகர் உரையும் சேர்ந்த நூலை "திருக்குறளின் ஒரு வெளிப்பாடு" என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. உரை தனிப் படைப்பு. கையில் இருக்கும் நூல் குறளின் வெளிப்பாட்டையும் உரையின் வெளிப்பாட்டையும் ஒன்றாகத் தாங்கும் வெளியீடு. இதைத்தான் எல்ஆர்எம் தொகுப்பு வெளியீடு என்கிறது. முகப்பு யாரை முன்னிறுத்துகிறதோ அவர் 100இல், மற்றவர் 700இல். 700இன் இரண்டாம் குறியை 2 ஆக்கி, டீ (t) துணைப்புலத்தில் படைப்பின் தலைப்பைப் போட்டால் "இந்த நூலுக்குள் அந்தப் படைப்பு இருக்கிறது" என்று பொருள். போப்பின் 1886ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு என்றால் திருவள்ளுவர் 100இல், 240இல் "திருக்குறள். ஆங்கிலம்". மணியத்தின் ஓவியங்களோடு வரும் பொன்னியின் செல்வனும் இலக்கணப்படி தொகுப்புதான். அங்கே ஓவியரை 700இல் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் பிரிப்பது வீண் உழைப்பு. இதழ்களுக்கு இந்த அலசலே வேண்டாம். எல்ஆர்எம் கணக்கில் ஒரு தொடர் வெளியீட்டுக்கு ஒரே வெளிப்பாடு, ஒரே வெளியீடு. வேறு மொழிப் பதிப்பு வந்தால் அது வேறு தொடர் படைப்பு.

எல்லா நூலுக்கும் இப்படிச் செய்ய வேண்டுமா என்றால், கூடவே கூடாது. பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட் பதிவுகளிலிருந்து மாதிரி எடுத்து, அதை நடத்தும் ஓசிஎல்சி ஆய்வாளர்கள் 2003இல் பார்த்தபோது, சுமார் 78 விழுக்காடு படைப்புகளுக்கு ஒரே ஒரு வெளியீடுதான் இருந்தது. நீரியல் பாடநூலுக்கு 240 யோசித்துக்கொண்டிருப்பது நேர விரயம். கோஹா அறிக்கையில் ஆசிரியர் வாரியாகத் தலைப்புகளை வரிசைப்படுத்தி, மூன்றுக்கு மேல் பதிவுள்ள படைப்புகளை மட்டும் பிரித்தெடுங்கள். கல்கி, பாரதி, குறள், கம்பர், ருஷ்ய மொழிபெயர்ப்புகள் என்று சின்னப் பட்டியல்தான் வரும். யூனிகோட் திருத்தம் முதலில், ஆசிரியர் அத்தாரிட்டி அடுத்து, 240 அதற்குப் பிறகு, 041 கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள்.

மார்க்குக்கு மாற்றாக உருவான பிப்ஃபிரேம் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் படைப்பு, இன்ஸ்டன்ஸ், பிரதி என்று மூன்றே அடுக்கு. எல்ஆர்எம்மின் படைப்பும் வெளிப்பாடும் அங்கே ஒரே "வொர்க்"கில் அடங்கும். அதனால் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே தனி வொர்க் ஆகிவிடும். இவற்றைச் சேர்த்துக் கட்டத்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் "ஹப்" என்ற ஒன்றைப் பிறகு கொண்டுவந்தது. மார்க் பதிவிலிருந்து அந்த ஹப்பை உண்டாக்க மாற்றுநிரல் தேடிப் போகும் இடங்களில் ஒன்று அதே 240 டேக்.